ஜனாதிபதி கேட்காத இசைத்தட்டு

ஒரு பாடகரின் இசைத்தட்டுகளில் எது உயர்ந்தது, பாட்டுகளில் எது முதலாவது என்று அவருடைய ரசிகர்கள் ஐம்பது வருஷமாக மல்லுக்கட்டுகிறார்கள். பாடகர் அமெரிக்கர். பெயர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். பாடுவது ராக் இசை. மின்சாரக் கிதாரும் டிரம்மும் சாக்ஸபோனும் சேர்ந்து போடுகிற பெருங்கூச்சல் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்களே, அதுதான். நாள் பூராவும் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவனுக்கும், நடவு வயலில் இடுப்பொடியக் குனிந்துவிட்டு வருகிறவளுக்கும் இந்தச் சண்டையில் என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நிறைய இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஒரு தடவை அமெரிக்க ஜனாதிபதியே இந்தச் சண்டைக்குள் வந்து மாட்டிக்கொண்டார். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1984 செப்டம்பர் 19-ம் தேதி. தேர்தல் காலம். ரொனால்டு ரீகன் இரண்டாம் தடவை ஜனாதிபதியாவதற்கு ஊர் ஊராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். அன்று நியூ ஜெர்சி மாநிலத்து ஹாமண்டன் என்ற ஊரில் மேடையேறினார். அமெரிக்காவின் எதிர்காலம், இளைஞர்கள் போற்றுகிற ஒரு பாடகரின் பாட்டுகளில் ஒலிக்கும் நம்பிக்கையில் இருக்கிறது என்று சொல்லி, அந்த மாநிலத்துப் பிள்ளையான ஸ்பிரிங்ஸ்டீனின் பெயரை எடுத்து விட்டார். அந்த ஜூன் மாதம் வெளிவந்த ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ என்ற தட்டு நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த நேரம். ‘அமெரிக்காவில் பிறந்தவன்’ என்பது தலைப்பின் பொருள். உறையில் தேசியக் கொடியின் சிவப்பு வெள்ளைக் கோடுகள். ஓட்டுக் கேட்கிறவருக்கு வேறென்ன வேண்டும்?

பத்திரிகை நிருபர்கள் சும்மா இருப்பார்களா? ஜனாதிபதிக்கு மிகவும் பிடித்த ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டு எது என்று கேட்டார்கள். ரசிகன் என்று சொல்லிக்கொண்டு வருகிற எவனையும் மடக்குகிற முதல் கேள்வி இது. ஜனாதிபதியின் ஆட்கள் உடனே வாய் திறக்கவில்லை. சற்றுத் தாமதித்து, ‘பார்ன் டு ரன்’ என்று பதில் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முந்திய பாட்டு!

இரண்டு நாள் கழித்து ஸ்பிரிங்ஸ்டீன் பிட்ஸ்பர்க் நகரில் பாடினார். அது உருக்கு நகரம். உலைகள் ஒவ்வொன்றாக அவிந்துகொண்டிருந்த காலம். தலைமுறை தலைமுறையாக இரும்பு வார்த்த குடும்பங்கள் இலவச உணவுக்கு வரிசையில் நின்றன. மேடையில் அவர் ஜனாதிபதியின் பேச்சைக் குறிப்பிட்டார். என்னுடைய தட்டுகளில் எது அவருக்குப் பிடித்தது என்று யோசித்துப் பார்த்தேன், ‘நெப்ராஸ்கா’வாக இருக்காது, இந்தப் பாட்டை அவர் கேட்டிருப்பார் என்று தோன்றவில்லை என்கிற கருத்தில் இரண்டு வார்த்தை சொன்னார். சொல்லிவிட்டு ‘ஜானி 99’ என்ற பாட்டை எடுத்தார்.

அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது? நியூ ஜெர்சியில் மாவா என்ற ஊரில் ஃபோர்டு கம்பெனியின் கார்த் தொழிற்சாலை மூடப்படுகிறது. இது கற்பனையல்ல, 1955-ல் திறந்த அந்த ஆலை 1980 ஜூனில் மூடப்பட்டது. பாட்டில் வருகிற தொழிலாளி வேலை தேடி அலைகிறான். கிடைக்கவில்லை. குடித்துவிட்டு ஒரு இரவு வேலைக்காரனைச் சுட்டுவிடுகிறான். நீதிபதி தொண்ணூற்றொன்பது வருஷம் தண்டனை விதிக்கிறார். குற்றவாளி தன் பக்கம் சொல்லும்போது கடனையும் வீட்டின் மேல் ஏறிய பாங்கியையும் பற்றிச் சொல்கிறான். தான் நிரபராதி என்று அவன் சொல்லவில்லை. ஆலையைப் பூட்டியவனுக்கு எந்தக் கோர்ட்டில் எத்தனை வருஷம் என்று பாட்டு கேட்பதில்லை. கேட்கிறவன் மனத்தில் அந்தக் கேள்வி தானாக எழுகிறது.

அந்தப் பிட்ஸ்பர்க் வருகையின்போதே, வேலையிழந்த குடும்பங்களுக்கு உணவு கொடுத்துவந்த உருக்குத் தொழிலாளர் சங்கக் கிளை ஒன்றுக்கு அவர் 10,000 டாலர் கொடுத்தார். ஹோம்ஸ்டெட் ஆலையின் 1397-ம் எண் கிளை அது.

ஆக, பாடகர் ஒருவர்தான். ஜனாதிபதி கையில் ஒரு தட்டு. பிட்ஸ்பர்க்காரன் கையில் வேறொரு தட்டு. இவர் யாருடைய பாடகர்? ரசிகர்கள் தட்டுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கும்போது இந்தக் கேள்விக்குத்தான் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். பலர் அதை அறிந்து சொல்வதில்லை. அதனால்தான் சண்டை இவ்வளவு சூடாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மூத்த கட்சி ‘பார்ன் டு ரன்’ கட்சி. 1975-ல் வந்த தட்டு. அதற்கு முன் 1973-ல் வந்த இரண்டும் விலைபோகவில்லை. மூன்றாவதும் விழுந்தால் கம்பெனி கைகழுவிவிடும் என்ற நிலை. தலைப்புப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்யவே ஆறு மாதம் பிடித்தது என்கிறார்கள். தட்டு வந்ததும் டைம், நியூஸ்வீக் இரண்டு பத்திரிகைகளும் ஒரே வாரத்தில் அவர் படத்தை அட்டையில் போட்டன. உறையில் அவர் தனியாக இல்லை. தமது கோஷ்டியின் கறுப்பின சாக்ஸபோன் கலைஞர் கிளாரன்ஸ் கிளெமன்ஸின் முதுகில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். நிறவெறி ஊறிய நாட்டில் அந்த ஒரு படத்துக்காகவே இந்தத் தட்டுக்கு முதலிடம் கொடுப்பவர்கள் உண்டு. கடைசிப் பாட்டில் கிளெமன்ஸ் ஊதுகிற நீண்ட ஊதலைக் கேட்டவர்கள் மறப்பதில்லை. கிளெமன்ஸ் 2011-ல் காலமானார்.

எனக்கு இந்தத் தட்டின் மேல் ஆசை உண்டு. மரியாதை கொஞ்சம் குறைவு. பாட்டுக்குப் பாட்டு இளைஞர்கள் காரில் ஏறி ஊரை விட்டு ஓடுகிறார்கள். இருபது வயதில் யாருக்குத்தான் ஓடத் தோன்றாது? ஆனால் போகிற ஊரில் என்ன வேலை, என்ன கூலி என்று ஒருவனும் யோசிப்பதில்லை. ஜனாதிபதியின் ஆட்கள் வசதியாக இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஓடியவன் திரும்பி வந்து அதே ஊரில் நின்றதுதான் அடுத்த தட்டு: ‘டார்க்னெஸ் ஆன் தி எட்ஜ் ஆஃப் டவுன்’, ‘ஊர்க்கோடி இருட்டு’, 1978 ஜூன். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1972-ல் அனுபவமில்லாத வயதில் போட்ட கையெழுத்தால் அவருடைய பாட்டுகளின் உரிமை அப்போதைய மேலாளரின் பிடியில் சிக்கிக் கிடந்தது. 1976-ல் வழக்கு மூண்டது. நாடு முழுவதும் பெயர் பெற்ற பாடகர், ஸ்டூடியோவுக்குள் போய்ப் பதிவு செய்ய முடியாமல் ஏறக்குறைய ஒரு வருஷம் ஊர் ஊராக மேடைக் கச்சேரி செய்து பிழைத்தார். 1977 மே மாதம்தான் வழக்கு தீர்ந்தது. வாசிக்காத தாளில் கைநாட்டு வைத்துவிட்டு ஆயுசு பூராவும் அல்லாடுவது என்றால் என்ன என்று இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த அடி பட்ட பிறகு பதிவு செய்ததில் பாட்டுகள் டஜன் கணக்கில் சேர்ந்தன. அவற்றில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டார். விட்டதில் நல்ல காதல் பாட்டுகள், ஆட்டப் பாட்டுகள் எத்தனையோ. சில மற்றப் பாடகர்கள் பாடிப் பெரும் வெற்றி பெற்றன. மிச்சத்தில் இருபதுக்கு மேல் 2010-ல் தனித் தொகுப்பாக வந்தன. ‘விட்டதைச் சேர்த்திருந்தால் இன்னும் சிறந்த தட்டாகியிருக்கும்’ என்று ஒரு சாரார் இன்றும் புலம்புகிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. களை பறித்த வயல் மாதிரி இருக்கிறது இது. வேண்டாதது ஒன்று இல்லை.

அதில் ‘ஃபாக்டரி’ என்றொரு சின்னப் பாட்டு. இரண்டு மூன்று நிமிஷம்தான். காலைச் சங்கு, எழுந்து போகிற தகப்பன், ஆலை வாசல், இரைச்சலில் மந்தமாகிப்போன காது, மாலையில் கேட்டை விட்டு வெளியே வருகிற முகங்கள். அவ்வளவே. யார் மேலும் ஆத்திரம் இல்லை, அறிவுரை இல்லை. ஸ்பிரிங்ஸ்டீனின் தகப்பனார் ஃப்ரீஹோல்டு என்ற சிற்றூரில் கம்பள ஆலையில் வேலை பார்த்தவர். ஃபோர்டு ஆலையில் நின்றார். பஸ் ஓட்டினார். சிறைக்காவல் வேலையும் பார்த்தார். நடுநடுவே வேலையில்லாமல் இருந்தார். வக்கீல் ஆபீசில் காரியதரிசியாக இருந்த தாயாரின் சம்பளம்தான் வீட்டுக்கு நிலையான வருமானம். இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் தகப்பனைப் பற்றி அவர் மேடையில் பல தடவை சொல்லியிருக்கிறார். அந்த மௌனத்தை வார்த்தையாக்கிய பாட்டு இது. சிறந்த பாட்டுகளின் பட்டியல்களில் ‘ஃபாக்டரி’க்குப் பெரும்பாலும் கீழேதான் இடம். பட்டியல் போடுகிறவர்கள் எந்த ஷிஃப்டு பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது!

1980-ல் ‘தி ரிவர்’. இரட்டைத் தட்டு, இருபது பாட்டு, பாதிதான் தேறும். ஆனால் தலைப்புப் பாட்டு ஒன்று போதும். இளம் வயதிலேயே கல்யாணம், சங்க அட்டை, கட்டட வேலை, பிறகு வேலையே இல்லாமல் போகிறது. பாடகரின் சொந்தச் சகோதரியும் அவர் கணவரும் பட்ட பாடு அது. அந்தச் சகோதரி இதை முதலில் கேட்டது ஒரு கச்சேரிக் கூட்டத்தில் இருந்தபோது என்கிறார்கள்.

இனி ‘நெப்ராஸ்கா’. அறிவாளிக் கட்சியின் கொடி இதுதான். 1982 ஜனவரி 3-ம் தேதி, வாடகை வீட்டின் படுக்கையறையில், கடையில் யாரும் வாங்கக்கூடிய நான்கு தட ஒலிநாடாப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, கிதாரும் மவுத் ஆர்கனுமாகத் தனியாகப் பாடிப் பதிந்தார். பின்னால் தமது கோஷ்டிக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு என்று எடுத்த மாதிரி அது. அந்த நாடாவை உறைகூட இல்லாமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் திரிந்தார். பிறகு பெரிய ஸ்டூடியோவில் கோஷ்டியோடு பாடிப் பார்த்தால், பாட்டின் உயிர் போய்விட்டது. கடைசியில் அந்தப் பை நாடாவே தட்டாக வந்தது. கச்சேரிப் பயணம் இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. கோஷ்டியோடு பாடிய பதிவு எங்கோ ஒளிந்திருக்கிறது, அதுவே மேல் என்று நாற்பது வருஷம் ஒரு கூட்டம் சாதித்துக்கொண்டிருந்தது. 2025 அக்டோபரில் அந்தப் பதிவும் வெளியாயிற்று. அதே மாதம் இந்தத் தட்டு உருவான கதை சினிமாவாகவும் வந்தது. கேட்டுப் பார்த்தால், கால்சட்டைப் பையில் கிடந்ததுதான் சரி.

‘நெப்ராஸ்கா’வில் பழைய கார் வாங்கப் போகிற குடும்பத்தின் பாட்டு ஒன்று இருக்கிறது. விற்பவன் தகப்பனைப் பார்க்கிற பார்வையைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான். கடன் சொல்லி வாங்கப் போன இடத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன எவருக்கும் அந்தப் பார்வை தெரியும்.

இப்போது சண்டையின் நடுமையத்துக்கு வருகிறேன். ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ பாட்டும் அதே 1982-ன் படுக்கையறை நாடாவில் பிறந்ததுதான். வியட்நாம் யுத்தத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு சாதாரண வீட்டுப் பையன் திரும்பி வருகிறான். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை இல்லை என்கிறார்கள். அரசாங்க ஆபீசில் கை விரிக்கிறார்கள். கூடப் போனவன் அங்கேயே செத்துப்போனான். போக இடமில்லை. நாடாவில் தனிக் கிதாரோடு கேட்டால் பேய் முனகுவது போல் இருக்கும். 1984-ல் வந்த தட்டில் அதே வார்த்தைகளுக்குப் பின்னால் யுத்த முரசு மாதிரி டிரம் முழங்குகிறது. பல்லவி மட்டும் காதில் விழுந்தவன் இதைத் தேசபக்திப் பாட்டு என்று நினைத்துக் கொடியை ஆட்டினான். அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற தட்டு. அதிலிருந்து ஏழு பாட்டுகள் முதல் பத்து இடத்துக்குள் வந்தன.

‘ஜனங்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை, பாடகர் மேல் குற்றமில்லை’ என்பது பெரும்பாலான ரசிகர்களின் வாதம். இதை நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். வார்த்தை ஒரு பக்கம் இழுக்கிறது, முரசு மறுபக்கம் இழுக்கிறது. கொடியை உறையில் போட்டதும் அவர் சம்மதத்தோடுதான். சந்தேகம் அவருக்கே இருந்திருக்க வேண்டும். 1995-க்குப் பிந்திய கச்சேரிகளில் முரசை எடுத்துவிட்டு ஒற்றைக் கிதாரில் பாடினார். 1998-ல் அந்த முதல் நாடாப் பதிவையும் வெளியிட்டார். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. தட்டு விற்பனையின் உச்சத்தில் இருந்தபோது கிரைஸ்லர் கார்க் கம்பெனி இந்தப் பாட்டை விளம்பரத்துக்குக் கேட்டுப் பெரும்பணம் நீட்டியது. அவர் மறுத்துவிட்டார். ஆலை மூடியதைப் பாடியவன் ஆலைக்காரனின் சரக்கை விற்கவில்லை. (2021-ல் அதே வம்சத்து ஜீப் வண்டியின் விளம்பரத்தில் முகம் காட்டினார். எழுபது வயதுக்கு மேல் என்ன புத்தியோ!)

அந்தத் தட்டிலேயே கடைசிப் பாட்டு ‘மை ஹோம்டவுன்’. துணி ஆலை மூடப்பட்டு, போன வேலை திரும்பாது என்று ஃபோர்மேன் சொல்லி அனுப்புகிற ஊரைப் பற்றியது. பாட்டு வந்த அடுத்த வருஷமே அவருடைய சொந்த ஃப்ரீஹோல்டில் 3எம் கம்பெனி ஒலி, ஒளிப்பதிவு நாடா செய்யும் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. வில்லி நெல்சன் என்ற மற்றொரு பாடகரோடு சேர்ந்து, மூடவேண்டாம் என்று பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார். 1986 ஜனவரியில் தொழிலாளர்களுக்காக ஆஸ்பரி பார்க் கடற்கரை ஊரில் ஒரு சின்னக் கொட்டகையில் பாடினார். ஆலை மூடப்பட்டது.

தொழிலாளி ரசிகர்கள் சொல்கிற ஒரு மறுப்பு உண்டு. என்னைக் கொஞ்சம் திணற அடிப்பது அதுதான். ‘எட்டு மணி நேரம் மெஷினோடு மாரடித்துவிட்டு வருகிறேன். சனிக்கிழமை ராத்திரி எனக்கு ஆட்டம் வேண்டும், டிரம் வேண்டும், காதல் வேண்டும். என் துக்கத்தை எனக்கே பாடிக் காட்டி, இதுதான் உனக்கேற்ற உயர்ந்த பாட்டு என்று நீ யார் சொல்ல?’ இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. துக்கம்தான் பாட்டாளிக்குச் சொந்தம், கொண்டாட்டம் மற்றவனுக்கு என்று எந்த சாஸ்திரம் விதித்தது? நடவுப் பாட்டில் குலவையும் கேலியும் இல்லையா? ‘நெப்ராஸ்கா’தான் உயர்ந்தது என்று அடித்துப் பேசுகிறவர்களில் ஆலை வாசலை மிதிக்காதவர்கள் அதிகம் என்று எனக்கொரு சந்தேகம். இன்னொருவன் வேலையிழந்ததைச் சாய்வு நாற்காலியில் கேட்டு உருகுவது எளிது. ஸ்பிரிங்ஸ்டீனே 2017-ல் நியூயார்க் நாடக மேடையில் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்: வாழ்நாளில் தாம் ஒருநாளும் ஆலையில் வேலை பார்த்ததில்லை, ஆனால் எழுதியதெல்லாம் அதைப் பற்றித்தான் என்று. சபை சிரித்தது. சிரிக்கிற விஷயம்தானா என்று நான் யோசித்துக்கொண்டேயிருக்கிறேன்.

அந்த மறுப்புக்கு என் பதில் ‘டார்க்னெஸ்’தான். அதில் ஆட்டமும் இருக்கிறது. பகல் பூராவும் தகப்பனின் பட்டறையில் கிடந்து, ராத்திரி காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவனின் பாட்டு இருக்கிறது. டிரம் இடிக்கிறது, கிதார் கத்துகிறது. ஆனால் ‘பார்ன் டு ரன்’ மாதிரி ஓடிப்போகவில்லை, ‘நெப்ராஸ்கா’ மாதிரி சுருண்டு படுக்கவும் இல்லை. நிற்கிறான். எந்த ஜனாதிபதியும் அந்தத் தட்டை மேடையில் எடுத்துக் காட்டத் துணியமாட்டார் என்று நினைக்கிறேன்.

வயல் வேலைக்காரர்களுக்கு அவர் என்ன பாடினார் என்று கேட்டால், 1995-ல் வந்த ‘தி கோஸ்ட் ஆஃப் டாம் ஜோட்’ தட்டைச் சொல்லவேண்டும். டாம் ஜோட் என்பவன் ஜான் ஸ்டைன்பெக் 1939-ல் எழுதிய நாவலின் கதாபாத்திரம். நிலம் பறிபோய், பழம் பறிக்கும் கூலிவேலைக்கு கலிபோர்னியா போன ஓக்லஹாமா குடியானவன். அறுபது வருஷத்துக்குப் பிறகு அதே கலிபோர்னியாத் தோப்புகளில் யார் குனிந்து நிற்கிறார்கள்? எல்லை கடந்து வந்த மெக்சிகோக்காரர்கள். ஒரு பாட்டில் அண்ணன் தம்பி இருவர் தோப்புக் கூலி கட்டாமல், போதைமருந்து காய்ச்சுகிற கும்பலின் பேச்சைக் கேட்டுப் போகிறார்கள். பல மாதக் கூலி சில மணி நேரத்தில் கிடைக்கும் என்ற ஆசை. கொட்டகை வெடிக்கிறது. தம்பியை அண்ணன் குழி தோண்டிப் புதைக்கிறான். ரசிகர் பட்டியல்களில் இந்தத் தட்டு நடுவில் எங்கேயோ தொங்கும். மெட்டு போதாது என்பார்கள். மெட்டு போதாதுதான். வரிக்கு வரி படிக்கவேண்டிய தட்டு இது.

அதில் ஒரு பாட்டுக்கு மட்டும் எந்தக் குறையும் சொல்ல முடியாது: ‘யங்ஸ்டவுன்’. ஒஹையோ மாநிலத்து உருக்கு நகரம். 1977 செப்டம்பர் 19-ம் தேதி திங்கட்கிழமை, அங்கிருந்த யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் கம்பெனி தன் காம்ப்பெல் ஆலையை மூடுவதாக அறிவித்தது. ஐயாயிரம் பேருக்கு வேலை போயிற்று. ‘கறுப்புத் திங்கள்’ என்று அந்த ஊர் இன்றும் சொல்கிறது. ஆலையை 1969-ல் வாங்கிய கம்பெனிக்கு உருக்கு பழக்கமில்லை. கப்பல் தொழில் செய்தவர்கள். தேதியைக் கவனித்தீர்களா? சரியாக ஏழு வருஷம் கழித்து அதே செப்டம்பர் 19 அன்றுதான் ஹாமண்டனில் ஜனாதிபதி நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். பாட்டில் ஜென்னி என்று அழைக்கப்படுவது பெண்ணல்ல. ஜெனட் என்று முதலாளியின் மகள் பெயர் சூட்டப்பட்ட ஊதுலை. அதன் முன் நின்று வெந்தவர்கள் தமக்குள் செல்லமாகச் சுருக்கிக்கொண்டார்கள். 1996 ஜனவரியில் ஸ்பிரிங்ஸ்டீன் யங்ஸ்டவுனுக்கே போய், அந்த மக்கள் முன் தனியாக நின்று இதைப் பாடினார். மறு வருஷம் உலையை இடித்துவிட்டார்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2002-ன் ‘தி ரைசிங்’, 2012-ன் ‘ரெக்கிங் பால்’ இரண்டிலும் நல்ல பாட்டுகள் சில உண்டு. பீட் சீகர் பாடிப் பரப்பிய நாட்டுப் பாட்டுகளை 2006-ல் எடுத்துப் பாடியது ஆனந்தமான தட்டு. தமது பாட்டு ஒன்றுகூட இல்லாததால் ரசிகர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘41 ஷாட்ஸ்’ என்று வழங்கும் பாட்டு கணக்கில் வருமா வராதா என்பதே தனிச் சண்டை. 2000-ல் மேடையில்தான் முதலில் பாடப்பட்டது. அமடூ டியாலோ என்ற நிராயுதபாணியான கறுப்பின இளைஞரை நியூயார்க் போலீசார் 1999-ல் நாற்பத்தொரு தடவை சுட்டதைப் பற்றியது. போலீஸ் சங்கம் அவர் கச்சேரிகளைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. அவர் பாடுவதை நிறுத்தவில்லை. என் பட்டியலில் அது முதல் ஐந்துக்குள் வரும்.

கடைசியாக ஒரு கசப்பான விஷயம். 2021-ல் ஸ்பிரிங்ஸ்டீன் தமது பாட்டுகளின் உரிமை முழுவதையும் சோனி கம்பெனிக்கு விற்றார். ஐம்பது கோடி டாலர் அளவுக்கு என்று பத்திரிகைகள் எழுதின. 1972-ல் எதை அறியாமல் இழந்து, எதை மீட்க வழக்காடினாரோ, அதையே அறிந்து விற்றார்! 2022-ல் கச்சேரிப் பயணம் அறிவித்தபோது, கிராக்கி ஏற ஏற விலையும் ஏறுகிற முறையில் டிக்கெட் விற்றார்கள். சில இருக்கைகள் நாலாயிரம், ஐயாயிரம் டாலருக்குப் போயின. பெரும்பாலான டிக்கெட்டுகள் அவ்வளவு விலை இல்லை என்று விற்பனைக் கம்பெனி சமாதானம் சொன்னது. பாடகரும் அந்த முறையை விட்டுக்கொடுக்காமல் பேசினார். ‘ஃபாக்டரி’ பாட்டின் தகப்பன் எத்தனை மாதச் சம்பளத்தைக் கொடுத்து அந்தப் பாட்டைக் கேட்கப் போவான்?

‘பேக்ஸ்ட்ரீட்ஸ்’ என்று ரசிகர்கள் நடத்திய பத்திரிகை ஒன்று இருந்தது. ‘பார்ன் டு ரன்’ தட்டில் உள்ள பாட்டின் பெயர். 1980-ல் தொடங்கியது. எந்தத் தட்டு உயர்ந்தது, எந்த ஊர்க் கச்சேரி மேல் என்ற சண்டைகளெல்லாம் அதன் பக்கங்களில் நடந்தன. அது 2023 பிப்ரவரியில், நாற்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு நின்றுபோயிற்று. விற்பனை குறைந்து நிற்கவில்லை. இந்த டிக்கெட் விலைக்குப் பிறகு பழைய நம்பிக்கையோடு எழுத மனம் இடம் கொடுக்கவில்லை என்று நடத்தியவர்களே அறிவித்து மூடினார்கள். இந்தச் சண்டையில் நான் மிகவும் மதிக்கிற தரப்பு அதுதான். பாட்டை நேசித்தார்கள், அதற்காகப் பாடகரிடம் கணக்குக் கேட்டார்கள். 2025-ல் மான்செஸ்டர் மேடையில் அவர் தமது நாட்டு ஜனாதிபதி டிரம்பைக் கண்டித்துப் பேசியபோது அந்தப் பழைய வாசகர்களும் கை தட்டியிருப்பார்கள் என்றுதான் எண்ணுகிறேன். கணக்கு கணக்குத்தான், கைத்தட்டல் கைத்தட்டல்தான்.

என் ஓட்டு ‘டார்க்னெஸ்’ தட்டுக்கு. பாட்டுகளில் ‘யங்ஸ்டவுன்’ முதலாவது. ‘ஃபாக்டரி’ அதற்கு ஒரு மயிரிழை கீழே. ‘நெப்ராஸ்கா’வுக்காக வரிந்துகட்டிக்கொண்டு வருகிற தோழர்கள் தாராளமாக எழுதலாம். ‘பார்ன் டு ரன்’ என்று எழுதுகிறவர்கள் ஜனாதிபதிக்கு எந்தப் பாட்டு பிடித்தது என்பதை ஒருமுறை நினைத்துக்கொண்டு எழுதட்டும்.